கமிட் லாகில் வந்த தமிழ்

நான் வேலை பார்க்கும் கம்பெனி மைசூரில், விஜயநகரில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் காத்திருப்பவர்களுக்கு டோக்கன் எண்ணைக் காட்டும் போர்டுகள் இருக்குமே, அவற்றுக்கான மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவு பேர்தான். ஒரே ஹால். யாரிடம் எதைக் கேட்க வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்போம். “போர்டு ஃபைலை யார் தொட்டது?” என்று ஒரு மூலையிலிருந்து கேள்வி வந்தால், “நான்தான், இரு இரு” என்று இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும். பேச்செல்லாம் கன்னடம். இங்கே எழுதும்போது நான் தமிழாக்கிக்கொள்கிறேன்.

இப்படிக் குரலை நம்பியே நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்குக் காது கேளாத ஒரு பெண் வேலைக்கு வந்தாள்.

என்னைவிடச் சில வயது சின்னவள். போர்டின் திரை எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேசவும் செய்வாள். அவள் குரல் பழகுவதற்கு நமக்குத்தான் இரண்டொரு நாள் ஆகும். எனக்கு எதிர்வரிசையில், ஹாலின் அந்தக் கோடியில் இடம் கொடுத்திருந்தார்கள். வணக்கம் சொல்வோம், சிரிப்போம். அதற்குமேல் எப்படிப் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரம் நின்று ஹனூரில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு எல்லையோர ஊர், எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடியானவர்கள் நிறைய. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ் மாதிரி இருக்கும். எங்கள் அலுவலகத் தலைவரைப் பற்றி அம்மாவிடம் புலம்பினேன். “டீயக் குடிச்சுப்போட்டு டம்ளர என்ற மேசை மேலயே வெச்சுட்டுப் போறாரும்மா. எடுத்துக் கழுவறதுக்கு நானென்ன அவரூட்டு மருமகளா?”

ஹாலின் அந்தக் கோடியில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள்தான். போனை வைத்ததும் எழுந்து வந்தாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “டம்ளர். மருமகள்” என்றாள்.

எனக்கு உயிர் போய் வந்தது. “உனக்குத் தமிழ் தெரியுமா?”

“எங்காத்துல தமிழ்தான். மேல்கோட்டைப் பக்கம். அம்மா வாயைப் பாத்துப் பாத்துதான் பேசக் கத்துண்டேன்.” அவளுடைய பேச்சுப் பயிற்சிக்காகவே குடும்பம் மேல்கோட்டையை விட்டு மைசூருக்கு வந்திருந்தது. “கன்னடம் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீசை வச்சிண்டிருக்கிறவா பேசினா அதுவும் போச்சு. உங்க தமிழ் வேற மாதிரி இருக்கு. ஆனா நீங்க வாயை நன்னா திறந்து பேசறேள்.”

வாய் பெரிசு என்று வீட்டில் திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். அதற்காக ஒருத்தி பாராட்டியது அன்றுதான். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

எங்கள் வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே மென்பொருளில் பலர் கைவைப்பதால், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதைக் காத்துவைக்க ஒரு தனி மென்பொருள் இருக்கும். நம் மாற்றத்தை அதில் சேர்ப்பதற்குப் பெயர் கமிட். ஒவ்வொரு கமிட்டுக்கும், ஏன் மாற்றினோம் என்று ஒன்றிரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்துகொண்டே போவதுதான் கமிட் லாக். எங்களிடம் இருந்தது பழைய காலத்து அமைப்பு. தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே பயனர் பெயரில் உள்ளே போவார்கள். லாகில் எழுதுவதெல்லாம் “சரி செய்தது”, “கடைசி”, “நிஜமாகவே கடைசி” என்ற மாதிரிதான். எதுவுமே எழுதாவிட்டாலும் அந்த அமைப்பு கேட்காது. என்ன மாற்றினோம் என்று வாயால் சொல்லிக்கொள்வோமே, பிறகு எழுதுவானேன் என்ற எண்ணம்.

ஒருநாள் டீ நேரத்தில், போர்டில் ஒவ்வொரு எண்ணும் நிற்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று முடிவானது. என் பக்கத்து மேசைக்காரர், எங்களில் மூத்த புரோகிராமர், அப்போதே மாற்றிவிட்டார். லாகில் ஒரு புள்ளி வைத்தார். வெறும் புள்ளி. மறுநாள் காலையில் அவள் அதைப் பார்த்தாள். காரணம் எழுதவில்லை, நேரமோ பாதியாகக் கிடக்கிறது, யாரோ கைதவறி மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பழையபடி ஆக்கிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போர்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒலிபெருக்கி புது நேரப்படி ஓர் எண்ணைக் கூப்பிட, போர்டு பழைய நேரப்படி அதற்கு முந்தின எண்ணையே காட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் சமாளித்து அவர்களை அனுப்பிவிட்டு, ஹாலின் நடுவில் நின்று கத்தினார். அவள் எழுந்து நின்று அவர் வாயையே பார்த்தாள். அவருக்கு அடர்ந்த மீசை. கோபத்தில் பேச்சும் வேகம். அவள் என் பக்கம் திரும்பி, “என்ன சொல்றார்?” என்று கேட்டாள்.

அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் சொன்னேன்.

அவள் தன் திரையில் லாகைக் காட்டினாள். “எங்கிட்ட யாரும் சொல்லலையே. அதுல ஒரு புள்ளிதானே இருந்துது” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. டீ நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சின்ன பால்கனியில் நெருக்கியடித்து நின்றிருந்தோம். அவளும் கையில் டம்ளரோடு எங்கள் நடுவில்தான் நின்றிருந்தாள்.

சாயங்காலம் தலைவரிடம் போனேன். “சார், கமிட் லாகை ஒழுங்கு பண்ணட்டுமா?”

“அதில் ஒழுங்கு பண்ண என்னம்மா இருக்கிறது?”

“யார் எதை மாற்றினாலும் உடனே எல்லோருக்கும் மெயில் போகிற மாதிரி வைக்கலாம். காரணம் எழுதாவிட்டால் கமிட்டே ஆகாத மாதிரியும் வைக்கலாம்.”

மீசையைத் தடவிக்கொண்டு அவள் இடத்தைப் பார்த்தார். அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். “பண்ணு. இருக்கிற வேலை கெடாமல் பண்ணு” என்றார்.

முதலில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுத்தேன். அடுத்தது ஹூக். கமிட் ஆவதற்கு முன்னும் பின்னும் தானாக ஓடும் சின்னச் சின்ன நிரல்களை ஹூக் என்போம். முன்னால் ஓடுவது, செய்தி காலியாக இருந்தாலோ ரொம்பச் சின்னதாக இருந்தாலோ கமிட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பின்னால் ஓடுவது, யார், எந்த ஃபைலை, ஏன் மாற்றினார் என்பதை எல்லோருக்கும் மெயிலாக அனுப்பும். சொல்லும்போது சுலபம். எழுதி முடித்துக் காத்திருக்கிறேன், ஒரு மெயிலும் வரவில்லை. தப்பு என்றும் எங்கும் காட்டவில்லை. பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பார்த்தால், அந்த நிரல் ஓடுவதற்கு நான் அனுமதியே கொடுத்திருக்கவில்லை. அனுமதி இல்லையென்றால் அது முனகக்கூட முனகாது, சும்மா இருந்துவிடும். அனுமதி கொடுத்த மறுநிமிடம் எல்லோர் திரையிலும் மெயில் வந்து விழுந்தது.

திட்டும் விழுந்தது. “இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது”, “ஸ்கூல் மாதிரி கட்டுரை எழுதச் சொல்கிறாள்” என்றார்கள். ஹூக்கை ஏமாற்ற ஒருவர் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்து அனுப்பினார். என் பக்கத்து மேசைக்காரர் இன்னும் சாமர்த்தியசாலி. எல்லாக் கமிட்டுக்கும் ஒரே வாக்கியம்தான்: “டீ நேரத்தில் பேசியபடி.”

ஒருநாள் அவள் அந்த மெயிலுக்கு, எல்லோருக்கும் போகும்படி ஒரு வரி பதில் எழுதினாள். “டீ நேரத்தில் என்ன பேசினீர்கள்?”

ஒவ்வொருவர் திரையிலும் அந்த ஒரு வரி. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய் அவள் மேசைக்கு முன்னால் நின்றார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. மெதுவாக, வாயைத் திறந்து சொன்னார் என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் எழுதிய செய்திகளைப் போல விளக்கமான செய்திகளை எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் எழுதியதில்லை. யார் யோசனை சொன்னது, யார் வேண்டாம் என்றது, ஏன் இப்படி முடிவானது என்று எல்லாம் இருக்கும். டீ நேரத்தில் யாராவது வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “லாகில் எழுது, லாகில் எழுது” என்று அவரே தடுப்பார்.

இதெல்லாம் அவளுக்காகச் செய்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் நான் கர்ப்பமானேன். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டில் யாரும் சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நான்காம் மாதம் ஒருநாள் காலையில் ரத்தம் கண்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இனிமேல் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். ஹனூரிலிருந்து அம்மா வந்துவிட்டாள். கணவர் படுக்கையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார்.

போன் ஓயாமல் அடித்தது. சொந்தம், சிநேகிதம், அலுவலகம் என்று எல்லோரும் அன்பாகத்தான் விசாரித்தார்கள். “இப்போ எப்படி இருக்கே? பயப்படாதே, ஒண்ணும் ஆகாது.” எனக்குத்தான் தாங்க முடியவில்லை. எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒருநாள் போனை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா அதைப் பீரோவில் வைத்தாள். அலுவலகத்தில் என்னோடு சாப்பிடும் அந்தச் சிநேகிதியின் செய்திகளும் அந்தப் போனில்தான் இருந்தன. அவற்றுக்கும் நான் பதில் போடவில்லை.

லேப்டாப் மட்டும் தலைமாட்டில் இருந்தது. கமிட் மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைப் படிப்பேன். அவை என்னிடம் எதையும் கேட்கவில்லை. இந்த ஃபைலில் இதை மாற்றினோம், இன்ன காரணம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டன. பேக்கரி மாடியில் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருதரம் ஒரு கமிட்டில் சின்னத் தவறு கண்ணில் பட, ஒரே வரியில் சுட்டிக்காட்டிப் பதில் அனுப்பினேன். அதில் என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நான் மெயில்களைப் படிக்கிறேன் என்பதை அந்த ஒரு வரியிலிருந்து அவள் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு கமிட் மெயில் வந்தது. வழக்கத்தைவிட நீளம். ஆனால் படிக்க முடியவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளும், அவற்றுக்குள் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு சங்கிலி பக்கம் முழுக்க ஓடியது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆங்கில எழுத்தில் எழுதவில்லை. நான் எழுதிய ஹூக்குக்கு வேறு எழுத்து எதுவும் தெரியாது. அது ஓடும்போது எந்த மொழி அமைப்பும் இல்லாமல் வெறும் கையோடுதான் ஓடும். நாம் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. அதுவரை எல்லோரும் ஆங்கிலத்திலேயே எழுதியதால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

படுக்கையில் விழுந்ததிலிருந்து, ஒரு காரியத்தைச் செய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். கணவரைக் கூப்பிட்டு முதுகுக்கு இன்னொரு தலையணை வைக்கச் சொன்னேன். வீட்டிலிருந்தே அந்தத் தண்ணீர் ஃபில்டர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். எல்லா மொழி எழுத்துகளையும் புரிந்துகொள்ளும்படி ஹூக்கின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அவளுடைய கமிட்டின் எண்ணைக் கொடுத்து ஹூக்கை நானே கையால் ஓட்டினேன். மெயில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கன்னட எழுத்து.

படிக்க ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, எழுத்து கன்னடம், பேச்சு தமிழ். அவர்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதுவது கன்னட எழுத்தில்தான். நானும் கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தேன். அவள் எழுதியிருந்தது இது:

“தனக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேர் இருக்கான்னு காத்திண்டிருக்கிறவாளுக்குத் தெரியறாப்புல போர்டுல ஒரு வரி சேர்த்திருக்கேன். எத்தனை நாழி ஆகும்னு தெரியாம உக்காந்திண்டிருக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம். நீங்க இதுக்குப் பதில் எழுத வேண்டாம். படிச்சாப் போறும்.”

அழுதேன். அம்மா பயந்துபோய் ஓடிவந்தாள். “என்ன கண்ணு, வலிக்குதா?” இல்லை என்று தலையாட்டிவிட்டு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, “இன்னொருக்கா படி” என்றாள்.

ஹூக்கைக் கையால் ஓட்டியபோது, மெயில் எல்லோருக்கும் போகும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவர் என் கணவரின் போனுக்கு அழைத்தார். “லாகில் அவள் என்னம்மா எழுதியிருக்கிறாள்? எழுத்து படிக்க முடிகிறது, அர்த்தம் ஒன்றும் விளங்கவில்லை. போர்டில் ஏதாவது கோளாறா?”

“இல்லை சார். புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள், அதைத்தான் எழுதியிருக்கிறாள்.”

“ஒரு வரிக்கா இவ்வளவு நீளம்?”

“கடைசியில் எனக்கும் ரெண்டு வார்த்தை எழுதியிருக்கிறாள், சார்.”

“சரி, இருக்கட்டும். லாகில் காரணம் எழுது என்று சொன்னதே நீதானே” என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவளுடைய கமிட்டுகள் இப்படித்தான் வந்தன. முதலில் வேலை, கடைசியில் எனக்கு ஒரு வரி. “கண் மங்கலா இருக்கிறவாளுக்காக எண்ணைப் பெரிசு பண்ணினேன். இன்னிக்குக் கீழே பேக்கரியில பன் கருகிப்போச்சு, மாடியெல்லாம் புகை.” இன்னொரு நாள், “சிவப்புக்குப் பதிலா மஞ்சள் வச்சேன். ஆஸ்பத்திரியில சிவப்பைப் பாத்தாலே பயமா இருக்கும்னு தோணித்து. நீங்க சாப்பிட்டேளா? பதில் வேண்டாம்.” பக்கத்து மேசைக்காரரும் இதைப் பார்த்துத் தம் கமிட்டுகளின் கடைசியில் கன்னடத்தில் ஒரு வரி சேர்க்கத் தொடங்கினார். பெரும்பாலும் மழையைப் பற்றி. தலைவர் நிரல் எழுதுவதை விட்டு ரொம்பக் காலம். அவரிடமிருந்தும் ஒருநாள் ஒரு கமிட் வந்தது. ஒரு ஃபைலில் இரண்டு சொற்களுக்கு நடுவே அதிகமாக இருந்த வெற்றிடம் ஒன்றை நீக்கியிருந்தார். செய்தியில், “வெற்றிடம் நீக்கப்பட்டது. என் டம்ளரை இப்போது நானேதான் கழுவுகிறேன்” என்று இருந்தது. அவரிடம் இதை யார் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

சாயங்காலமானால் அம்மா காபியோடு வந்து உட்காருவாள். “அந்தப் புள்ள இன்னைக்கு என்ன எழுதியிருக்குது?” என்பாள். படித்துக் காட்டுவேன். “தோணித்துங்குது, போறும்ங்குது, நம்ம பேச்சு மாதிரி இல்லீன்னாலும் கேக்கறதுக்கு நல்லாருக்குது” என்று சிரிப்பாள். வாரங்கள் இப்படிப் போயின. ஒருநாள் போனைப் பீரோவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். அவளுடைய பழைய செய்திகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக, “சாப்பிட்டேன்” என்று அனுப்பினேன்.

குழந்தை கொஞ்சம் முந்திப் பிறந்தது. பெண். எடை குறைவு என்று சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிறகு என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்க வந்தாள். மாடிப்படி ஏறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் அம்மா, காது கேளாது என்று தெரிந்ததால், தெருவுக்கே கேட்கிற மாதிரி, “நீதான் என்ற மகளுக்கு எழுதுன புள்ளயா?” என்று கத்தினாள்.

“சத்தம் வேண்டாம் மாமி. மெதுவாச் சொன்னாலே தெரியறது” என்றாள் அவள்.

அம்மா அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். என் வாய் அம்மாவிடமிருந்து வந்ததுதான். பெரிய வாய். சத்தமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, “நீ நல்லா இருக்கோணும் சாமி” என்றாள். அவளுக்கு அது முழுதாகப் புரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நன்றி சொல்வதற்கு நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அந்த மாதங்களில் நான் யாரோடும் பேசத் தயாராக இல்லை. பேசு என்று அவளும் வற்புறுத்தவில்லை. ஆனால் எந்த வழியில் வந்தால் நான் கதவைச் சாத்தமாட்டேன் என்று தேடிப் பார்த்து அந்த வழியாக வந்தாள். அந்த ஹூக்கை எழுதிய நாளில் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து மேசைக்காரரின் மழை வரிகளுக்கும், தலைவர் நீக்கிய அந்த ஒரு வெற்றிடத்துக்கும், ஓர் அலுவலகம் முழுக்கத் தன் வேலை லாகில் எனக்காக இடம் ஒதுக்கியதற்கும் நான் என்றைக்கும் கடன்பட்டவள்தான்.

குழந்தையை அவள் மடியில் வைத்தேன். புது மடி என்றதும் அது முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கை நீட்டினேன். அவள் தரவில்லை. குழந்தையின் முதுகில் உள்ளங்கையைப் பரத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“இங்க தெரியறது” என்றாள். “நன்னா பலமா அழறா.”